ஏலத்துக்கு ஐந்து கிழமை

அநுராதபுரச் சந்திக்குக் கிட்ட
எங்கள் லீசிங் கம்பனியின் பின்வளவில்
மூன்று ஓட்டோ, சில்லுக் கழன்ற உழவு இயந்திரம் ஒன்று,
நடுவில்
விலாசம் மாறி வந்த கல்யாணப் பெண்போல
அந்தச் சிவப்புக் கார்.
இரண்டு கதவு, இரண்டு இருக்கை.
கூரையைப் பின்னால் மடிக்கலாம்.

கடிதம் அடித்தது நான்தான்:
தங்கள் நிலுவைத் தவணைகள் ஏழு.
தொலைபேசியில் கூப்பிட்டதும் நான்தான்.
கடைசித்தரம் அவர் கோபிக்கவில்லை.
"பிள்ளை, அதை மழைக்குள்ள விடாதேங்கோ,
கூரை ஒழுகும்" என்றார்.
அதற்குக் கோப்பில் தனியாக இடம் இல்லை.
வேறு குறிப்புகள் என்ற கோட்டில் எழுதினேன்:
கூரை ஒழுகும்.

எனக்கு இருபத்தாறு.
நிலையான வைப்பில் பத்தொன்பது இலட்சம்.
காருக்கு முப்பத்தெட்டு.
"பாதியைக் கட்டு, மிச்சத்துக்கு
நாங்களே லீசிங் போட்டுத் தாறம்"
என்று சிரித்தார் மனேஜர்.
நான் தவணை தவறினால்
எனக்கான கடிதத்தையும் நானே அடிக்கவேண்டும்,
என் நம்பருக்கு நானே கோல் எடுத்து
மரியாதையாக மிரட்டவேண்டும்.

சேமிப்பு நல்லது. தெரியும்.
வேலைக்குச் சேர்ந்த புதிதில் சேர்த்த மூன்று இலட்சத்தில்
ஒரு சதம் நான் தொடவில்லை.
நிலாவெளி றோட்டில் பெற்றோலுக்கு இரண்டு இரவு
ஸ்கூட்டிமேல் தலைவைத்து நித்திரை கொண்ட அந்த வருடம்
புத்தகத்தில் எண் அப்படியேதான் இருந்தது.
கடையில் பால்மாப் பக்கெற்றைத் தூக்கி
விலையைப் பார்த்துத் திரும்ப வைத்தபோதுதான்
களவு போனது விளங்கியது.

"காணி வாங்கு" என்கிறாள் பக்கத்து மேசை நுஸ்ரத்.
"காணி எங்கேயும் ஓடிப்போகாது."
கும்புறுப்பிட்டியில் அப்பாவின் காணி
ஓடாமல் அங்கேயேதான் இருக்கிறது.
வேலி மட்டும்
வேறொருவருடையது.

ஞாயிறு, திறப்பு என் கையில்.
உப்புவெளி தாண்ட நாலாம் கியர்,
கூரையில்லாத தலைக்குமேல் உப்புக்காற்று.
இதுவரை என்னை எங்கேயும் கொண்டுபோகாத சம்பளம்
முதுகுக்குப் பின்னால் உறுமியது.
சத்தமாக ஏதோ கத்தினேன்,
என்னவென்று இப்போது நினைவில்லை.
திரும்பும்போது கோட்டையடியில்
றோட்டுக்குக் குறுக்கே ஒரு மான்.
அவ்வளவு பதிவான கார், வெளிச்சத்தில்
கால்கள் நான்கு மட்டும்தான் தெரிந்தன.
லொத்தர் சீட்டொன்றை மென்றபடி நின்றது.
ஹோர்ன் அடிக்க மனம் வரவில்லை.
இருநூறு போகக்கூடிய எஞ்சின்
சும்மா நின்று எண்ணெய் குடித்தது.

வீட்டு வாசலில் அம்மா
காரைச் சுற்றிவந்து கேட்டது ஒன்றுதான்:
"பின்னுக்கு ஆர் இருக்கிறது?"
"பின்னுக்கு இல்லை அம்மா."
"அப்ப எங்களை எங்க வைப்பாய்?"
அண்ணா டோஹாவிலிருந்து அனுப்பிய
நைற்றியின் நுனியால்
கண்ணாடியில் இருந்த காக்கை எச்சத்தைத் துடைத்தாள்.
பின்னுக்கு இருக்கை இல்லாததுதான்
எனக்குப் பாதி பிடித்தது என்று
எப்படிச் சொல்வது.
சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை வைப்பு முதிர்ந்தது.
வங்கியில் பெடியன் படிவத்தைத் திருப்பி வைத்தான்:
"ஒரு வருசமா மிஸ், அஞ்சு வருசமா?
அஞ்சு எண்டா வட்டி நல்லம்."
"ஒரு மாசம்."
"மாசத்துக்கு ஒண்டும் வராது மிஸ்."
"தெரியும்."
பெயர், திகதி, கையொப்பம்.
நோக்கம் என்ற இடத்தில்
பேனை கொஞ்சநேரம் நின்றது.
கோடு ஒன்று போட்டேன்.

வெளியே வர, குடாவின் பக்கம் கறுத்து
மழை இறங்கிக்கொண்டிருந்தது.
பிரதான வீதியில் தறப்பாள் ஒன்று வாங்கினேன்,
நீலம், ஆயிரத்து எண்ணூறு, பேரம் பேசவில்லை.
பின்வளவுக்கு ஓடி
நாலு மூலையிலும் செங்கல் வைத்துக் கட்டினேன்.
ஆருக்காக என்று காவலாளி கேட்கவில்லை.
கம்பனிச் செலவில் எழுதவில்லை.
என் செலவிலும்
இன்னும் எழுதவில்லை.